கூடாத காய்களும் ஒரு கூட்டாஞ்சோறும்

ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்த மருத்துவர், ஹீமோகுளோபின் என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். 8.6. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பார்கள். "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டம்மா? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

காலையில் இட்லி, பொடி. பதினொரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் ரசஞ்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாயங்காலம் ஒரு டீ. ராத்திரி தோசை, தேங்காய்ச் சட்னி.

"காய்?"

உருளைக்கிழங்கு என்றேன்.

"கீரை?"

எனக்குப் பதில் வரவில்லை. திருநெல்வேலியில் ஆச்சி வீட்டில் வளர்ந்தவள் நான். வாரத்தில் நான்கு நாள் கீரை இல்லாமல் அங்கே உலை கொதிக்காது. அப்படிப்பட்டவள் கடைசியாகக் கீரை சாப்பிட்டது எப்போது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதமாவது இருக்கும்.

யாரும் என்னைப் பட்டினி போடவில்லை. எல்லாரும் தாங்கினார்கள். அதனால்தான் இப்படி ஆனது என்று இப்போது புரிகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் அத்தை முதலில் சொன்னது பப்பாளி கூடாது என்று. சரி. சித்தி போனில், "கத்திரிக்காய தொடாத, பிள்ளைக்குக் கரப்பான் வரும்" என்றாள். பெரியம்மாவுக்கு வாழைக்காய் வாயு. மாடி வீட்டு அக்காவுக்குப் பூசணி, சுரை, புடலை எல்லாம் குளிர்ச்சி. முருங்கைக்கீரை சூடு என்று மதினி சொன்னாள். பாகற்காய் கசப்பு, அது கருவுக்கு ஆகாது என்று இன்னொருவர். முட்டைக்கோஸிலும் காலிஃப்ளவரிலும் இருக்கும் புழு மூளைக்குப் போகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோதான் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் என் மேலும் வயிற்றுப் பிள்ளை மேலும் பிரியம். ஆனால் அத்தனை பேரின் "கூடாது"களையும் கூட்டிப் பார்த்தால் என் தட்டில் மிஞ்சியது உருளைக்கிழங்கும் அப்பளமும்தான்.

அந்த மருத்துவர் கோபப்படவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னார். கீரை மாத்திரைக்குப் பதில் ஆகாது, மாத்திரை கீரைக்குப் பதில் ஆகாது என்றார். பிறகு, நான் இன்றுவரை மறக்காத ஒன்றைச் சொன்னார். "எல்லாரும் காயோட பேரைச் சொல்லித்தான் பயமுறுத்துறாங்க. அது எந்தப் பதத்துல இருக்கு, கழுவினீங்களா, வெந்துச்சான்னு யாரும் கேக்கறதில்ல."

அன்றிலிருந்து நான் படித்ததும் கேட்டதும் சமைத்ததும் எல்லாமே இந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். நான் மருத்துவர் இல்லை. சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு, அடுப்படியில் நின்று, "இதைச் சாப்பிடலாமா?" என்று யோசிக்கும் பெண்ணுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

பப்பாளியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதில் நம் பாட்டிமார் சொன்னது பாதி சரி. நம் ஊரில் பப்பாளியைக் காயாகவும் சமைக்கிறோம். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காயா பப்பாளிக்காயா என்று தெரியாது. காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும் இல்லையா, விஷயம் அந்தப் பாலில்தான் இருக்கிறது. பப்பேன் போன்ற நொதிகள் அதில் நிறைய உண்டு. கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காயைச் சேர்ப்பது இந்த நொதிகளுக்காகத்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையை எலிகளில் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகப் பழுத்த பழத்தின் சாற்றைக் குடித்த எலிகளின் கர்ப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காயின் பாலை எலியின் கருப்பைத் தசையில் விட்டபோது அது இழுத்துச் சுருங்கியது. எலியும் மனுஷியும் ஒன்றில்லை. இருந்தாலும் காயும் செங்காயும் வேண்டாம் என்று ஒன்பது மாதம் தள்ளி வைப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை, வேறு நூறு காய் இருக்கிறது. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகிறது. அதனால் முழுதாகப் பழுத்த பழத்தில் தெரியாமல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அழுத என் தோழியைப் போல யாரும் அழ வேண்டியதில்லை.

பாகற்காயும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதன் விதையிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் எலிகளில் கருவைக் கலைத்தது ஆய்வகத்தில் தெரிந்த ஒன்று. பிரித்தெடுத்த புரதம் ஒரு பக்கம், விதையை எடுத்துப் போட்டுவிட்டு வதக்கிய இரண்டு கரண்டிப் பாகற்காய்ப் பொரியல் இன்னொரு பக்கம். பொரியலுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிப்பது, அதன் பொடியை மாத்திரைக் குப்பியில் வாங்கி விழுங்குவது, இவற்றைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது.

கசப்பு என்றதும் சுரைக்காயைச் சொல்லியே ஆக வேண்டும். அது குளிர்ச்சி என்று ஒதுக்கிய மாடி வீட்டு அக்காவுக்கே இது தெரிந்திருக்கவில்லை. சுரைக்காய் இயல்பில் கசக்காது. கசந்தால் அதில் குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் முழுக்காயையும் எறி என்பது அவர்கள் சொன்ன வழி. ஆச்சி சுரைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய் எதை நறுக்கினாலும் முனையைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பிவிட்டுத்தான் மேலே நறுக்குவாள். அது ஏதோ பழக்கம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

நான் நம்பிச் சாப்பிட்ட உருளைக்கிழங்கிலும் ஒரு விஷயம் உண்டு. வெளிச்சத்தில் கிடந்து பச்சை படர்ந்த கிழங்கிலும் முளை விட்ட கிழங்கிலும் சோலனின் சேர்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. லேசாக ஓர் ஓரம் பச்சையென்றால் ஆழமாகச் சீவி எறியலாம். பாதி பச்சையென்றால் கிழங்கையே எறிந்துவிடுவது நல்லது. மூட்டையின் அடியில் கிடந்ததென்று மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கத்திரிக்காய்க்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை நான் எங்கெங்கோ தேடிப் பார்த்தேன். தாய்க்கே கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருமென்றால் அவள் தவிர்க்கட்டும். மற்றவர்கள் தவிர்க்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பூசணி, புடலை, பீர்க்கு, வெண்டை, அவரை எல்லாம் அப்படித்தான். மலச்சிக்கலில் வாடும் கர்ப்பிணிக்கு இந்த நீர்க்காய்களும் நார்க்காய்களும் பெரிய துணை. இரும்பு மாத்திரை போட ஆரம்பித்தவர்களுக்கு அந்த அவஸ்தை சொல்லாமலே தெரியும்.

இனி அசல் ஆபத்துக்கு வருகிறேன். அது மண்ணிலும் பச்சையாகத் தின்பதிலும் இருக்கிறது.

1981இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 41 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமி தாக்கியது. அதில் 34 பேர் கர்ப்பம், பிரசவம் சார்ந்தவர்கள். கரு கலைந்தது, குழந்தை இறந்து பிறந்தது, பிறந்த குழந்தை நோயோடு பிறந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது. தேடிப் போனபோது காரணம் முட்டைக்கோஸில் போய் நின்றது. ஆட்டுச் சாணம் போட்டு வளர்த்த கோஸ். அந்தத் தோட்டக்காரரின் ஆடுகளுக்கே அந்த நோய் இருந்திருக்கிறது. அறுத்த கோஸைக் குளிர்காலம் முழுக்கக் குளிரில் வைத்திருந்து, பிறகு அதைத் துருவிப் பச்சையாகவே சாலட் செய்து விற்றிருக்கிறார்கள். இந்தக் கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சல் போல வந்து போய்விடும், நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையைப் போய்த் தாக்கும். உணவு வழியாக லிஸ்டீரியா பரவும் என்று மருத்துவ உலகம் உறுதியாகத் தெரிந்துகொண்டது அந்தச் சம்பவத்தில்தான்.

கவனித்துப் பாருங்கள். அதே கோஸை நம் வீட்டில் மாதிரி கடுகு தாளித்து, மூடி போட்டு, ஆவி வர வேகவைத்திருந்தால் கிருமி செத்திருக்கும். வாட்ஸ்அப் படம் கோஸைக் குற்றவாளி ஆக்கியது. கோஸ் ஒன்றும் செய்யவில்லை. வெளி இதழ்களை எடுத்துவிட்டு, நறுக்கும் முன் கழுவி, நன்றாக வேகவைத்தால் அது அருமையான காய். வேண்டாதது ஹோட்டலில் பிரியாணிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைக்கிற பச்சைக் கோஸும், எப்போதோ நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் வில்லைகளும்தான்.

முளைகட்டிய பயறும் இந்த வரிசையில் வரும். சத்து என்று எல்லாரும் பச்சையாகத் தின்னச் சொல்வார்கள். 2011இல் ஜெர்மனியில் ஈகோலை கிருமியால் ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோய்வாய்ப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் வந்து நின்றது முளைகட்டிய வெந்தயத்தில். விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அப்படியே பிடிக்கும். விதையின் மேல் ஒன்றிரண்டு இருந்தாலே இரண்டு நாளில் கோடிக்கணக்காகிவிடும், கழுவினாலும் போகாது. முளைகட்டிய பயறு வேண்டுமென்றால் ஆவியில் வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடுங்கள். எனக்கு அது பச்சையாகத் தின்பதைவிடப் பிடித்தும் இருந்தது.

பூனை நடமாடும் கொல்லையில் கீரை பறிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பூனையின் கழிவிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மண்ணில் கலந்திருக்கும். கர்ப்பிணிக்கு அது முதன்முறையாகத் தொற்றினால் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது தோட்ட வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். முடியாவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கழுவுவதென்றால் எப்படி என்று ஆச்சியிடம்தான் கற்றுக்கொண்டேன். ஐந்தாம் மாதக் கடைசியில் என்னை ஊருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் அரைக்கீரைக் கட்டைப் பிரித்து, ஒரு சட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, வடிதட்டில் போட்டேன். ஆச்சி திண்ணையில் இருந்தபடியே கேட்டாள்: "ஏட்டி, கீரைய அலசுனியா, நனைச்சியா?"

அலசுவது வேறு. அகலமான பாத்திரத்தில் கீரை மிதக்கிற அளவு தண்ணீர் விட வேண்டும். விரல்களை விரித்து உள்ளே விட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். மண் அடியில் இறங்கும். பிறகு கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு வடிதட்டில் கவிழ்த்தால் இறங்கிய மண் எல்லாம் திரும்பக் கீரையின் மேலேயே விழும். நான் செய்துகொண்டிருந்தது அதுதான். அடியில் மணல் தெரியாத வரைக்கும் இதையே மூன்று நான்கு தடவை. காய்களைக் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும், கிழங்கென்றால் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். நறுக்குவதற்கு முன்னால் கழுவ வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் சத்தும் போகும், தோலில் இருந்த அழுக்கு கத்தியோடு உள்ளேயும் போயிருக்கும். சோப்போ ப்ளீச்சிங் பவுடரோ காயின் மேல் படக்கூடாது. மீன் நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீரையைப் பற்றி இவ்வளவு சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கும் இலைக்கும் உள்ள உறவை உலகம் கற்றுக்கொண்ட கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக ஊதியிருக்கும். பலர் அதில் இறந்தார்கள். கிருமியா, சூழலா என்று தேடிய லூசி, கடைசியில் அவர்கள் தட்டைப் பார்த்தார். காயும் பழமும் பாலும் அதில் மிகக் குறைவு. அவர் 1929இல் சில மாதங்கள் குன்னூரில் இருந்து ஆராய்ந்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்குள் இருந்த பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941இல், அமெரிக்காவின் டெக்ஸாஸில் நான்கு டன் பாலக் கீரையை அரைத்து வடித்து அதைக் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. அதனால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நமக்குக் கொடுக்கும் மாத்திரையின் பெயரிலேயே கீரை இருக்கிறது.

பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, டெஸ்ட் எடுத்து, அம்மாவுக்குப் போன் போடுவதற்குள் அந்த வேலை முடியும் தறுவாயில் இருக்கும். அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே, அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். இது எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. கல்யாணமான புதுப்பெண்ணிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறவர்கள் இதையும் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நம் அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 180 நாளாவது தினமும் போட வேண்டும். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் கொடுக்கிறார். அப்படிக் கொடுத்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணைப் படித்தபோது, அதில் எத்தனை பேர் என்னைப் போல் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை என் ஒரு டீயிலேயே பாதி வீணாகியிருக்கும். டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம் என்றார் செவிலியர். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது என்றார். கீரையில் இருக்கும் இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது, பாலக்கில் ஆக்ஸலேட் வேறு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது கூடச் சேர வேண்டும். கீரைக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிவதில் ருசிக்கு மேல் இப்படியும் ஒன்று இருக்கிறது. ஃபோலேட், அதாவது கீரையில் இயல்பாக இருக்கும் ஃபோலிக் அமில வகை, தண்ணீரில் கரையும், அதிக நேரம் கொதித்தால் அழியும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்தே கடைந்துவிட்டால் நஷ்டம் குறைவு.

இரண்டு மாதம் ஆச்சியின் கையால் சாப்பிட்டேன். மாத்திரை ஒரு நாளும் விடவில்லை. ஏழாம் மாதப் பரிசோதனையில் 10.4 வந்தது. இன்னும் 11 ஆகவில்லை, ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றிருந்தது.

அன்றைக்கு எனக்குக் கூட்டாஞ்சோறு வேண்டும் போலிருந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகும்போதே கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், உருளைக்கிழங்கு, மாங்காய் எல்லாம் உள்ளே போகும். சின்ன வெங்காயமும் சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டு, புளி கரைத்து ஊற்றி, கடைசியில் இரண்டு கை முருங்கைக்கீரை. எனக்குக் கூடாது என்று சொன்ன காய்களில் பாதி அந்த ஒரு சட்டிக்குள் இருக்கும்.

சித்தி அன்றைக்குப் பார்த்து வந்திருந்தாள். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த கத்திரிக்காயைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. ஒரு கத்திரிக்காயை எடுத்து இரண்டாகப் பிளந்து, புழு இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீரில் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்த சித்தி, கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தாள். பழுத்த இலையைத் தனியே எடுத்துப் போட்டாள், காம்பைக் கிள்ளினாள், பிறகு சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கீரையை முக்கினாள்.

"அலசு" என்றாள் ஆச்சி. "நனைக்காத."